இது யாரோடது?

அநியாயம் நடந்தது அமலோற்பவம் அக்காவுக்கு. செய்தது எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம். சங்கத்தின் செயலாளர் சங்கரலிங்கம் என்னைப் பெற்றவர், ஆகவே அந்த நோட்டீசில் இருந்த கையெழுத்து யாருடையது என்று நான் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. குழந்தைகளுக்கு நாடகம் போட்டுக்கொண்டிருந்த ஒருவரை, நாடகம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள். நிறுத்தியதால் விளைந்ததற்கு அவரையே குற்றவாளி ஆக்கினார்கள். "குடியிருப்புவாசிகளின் வீட்டு உபயோகப் பொருட்களை நாடகம் என்ற பெயரில் கவர்ந்தவர்" என்று லெட்டர்பேடில் அச்சடித்து, பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இதை நான் வீட்டிலும் கேட்டேன், சங்கக் கூட்டத்திலும் கேட்டேன். "யுனிவர்சிட்டிக்கு அனுப்புனது எங்களயே கேள்வி கேக்கவாளா?" என்றார் அப்பா. வேறு எதற்காம்?

எங்கள் குடியிருப்பு பாளையங்கோட்டைக்குத் தெற்கே, ஏ, பி, சி என்று மூன்று பிளாக்குகளாக, பிளாக்குக்கு மூன்று மாடியாக நிற்கிறது. நடுவில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் நிழலில் ஒரு சிமெண்ட் மேடை, அந்த மேடையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாயங்காலம் நாலு மணிக்கு அமலோற்பவம் அக்கா. மற்ற நாட்களில் அவர் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா. பி பிளாக் தரைத்தளத்தில், மஸ்கட்டில் இருக்கும் ஒருவருடைய வீட்டில் தனியாகக் குடியிருந்தார். அந்த வீட்டுக்குச் சாவிப் பொறுப்பு சங்கத்திடம் இருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துவர வேண்டும், அதுதான் நுழைவு. நீலச் சேலை வந்தால் அன்றைக்கு ஆறு உண்டு, இட்லிக் கொப்பரை வந்தால் ஆமை உண்டு, தேங்காய்த் துருவி கொக்காகும், குடை வௌவாலாகும், ஒன்றுமே இல்லையென்று கூச்சத்தோடு ஒரு தீப்பெட்டியை நீட்டிய வீட்டுக்குத்தான் அன்றைக்குக் கதாநாயகன் அமைவான். நாடகம் முடிந்ததும் அக்கா ஒவ்வொரு பொருளாக உயரத் தூக்கி, "இது யாரோடது?" என்று கேட்பார். அந்த வீட்டார் எழுந்து "எங்களோடது!" என்று கத்துவார்கள். அப்போதுதான் ஆமை கொப்பரையாகி, கொக்கு துருவியாகி, அவரவர் கைக்குப் போகும். பிள்ளைகள் நாடகத்தைவிட இதற்குத்தான் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள். கேட்காமல் அவர் எதையும் கொடுத்ததில்லை, பதில் வராமல் எதையும் கீழே வைத்ததில்லை. "அது இன்னமும் தன்னைக் கொக்குன்னுலா நெனச்சிட்டிருக்கும், சொல்லித்தான் அனுப்பணும்" என்பார். பெரியவர்கள் சிரிப்பார்கள்.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அவர் செய்தது ஒட்டகச்சிவிங்கி. எலக்ட்ரீசியன் மாடசாமி அண்ணனுடைய ஏணி கழுத்து. நாலு கொடிக்கம்பு கால்கள். நாலு வீட்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்துக் குளம்புகள். ஏ பிளாக் ஜமீலா அக்கா கொடுத்த இரண்டு அகப்பை காதுகள், யாரோ கொடுத்த இரண்டு மத்து கொம்புகள், பிரம்மசக்தி சித்தியின் விளக்குமாறு வால். தோல் எங்கள் வீட்டிலிருந்து போனது. மஞ்சள் நிறத்தில் ஜரிகைக்கரை போட்ட பொன்னாடை, மூன்று வருஷத்துக்கு முன் கலெக்டர் கையால் அப்பா வாங்கியது, பீரோவில் அந்துருண்டையோடு கிடந்தது. அம்மாதான் அப்பாவிடம் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தாள். அதில் தேயிலைச் சக்கையை ஒற்றி ஒற்றிப் புள்ளி வைக்கலாமா என்று அக்கா தயங்கிக் கேட்டபோது, "வைங்க, பூச்சி அரிக்கதுக்குப் புள்ளியாச்சும் இருக்கட்டும்" என்றாள்.

கதை இவ்வளவுதான்: காட்டில் எல்லா மிருகத்துக்கும் ஒரு வீடு இருக்கிறது, குகையோ பொந்தோ புதரோ; ஒட்டகச்சிவிங்கி எதற்குள் தலையை நுழைத்தாலும் கழுத்து வெளியே நிற்கிறது; கடைசியில் அது எல்லாரையும் பார்த்து வாயைத் திறக்கிறது. அக்கா ஏணியைத் தோளில் சாய்த்து, அந்தத் தலையை மெல்லத் திருப்பி, நூறு பிள்ளைகளும் வாயைப் பிளந்திருக்க, "அப்பதான் அது கேட்டுச்சு..." என்ற இடத்தில் விழாவின் சிறப்பு விருந்தினரான வார்டு உறுப்பினரின் கார் உள்ளே வந்தது. ஐந்தரைக்கு வர வேண்டியவர் நாலே முக்காலுக்கே வந்துவிட்டார், அவருக்கு அடுத்து ஒரு காதுகுத்து இருந்தது. அப்பா மைக்கோடு மேடையேறினார்.

"ரெண்டே நிமிசம் அண்ணாச்சி. பொருளக் கேட்டுக் குடுத்துட்டு..."

"அதெல்லாம் பெறவு வந்து எடுத்துக்கிடுவாவ, நீ எறங்கும்மா."

ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை வாங்கியவர் பொன்னாடை போட்டவருக்குப் போர்த்தினார். பிறகு பேச்சு, பிறகு சுண்டல், பிறகு மழை. எல்லாரும் ஓடினோம், நானும்தான். தொட்டிக்கு அடியில் அக்கா மட்டும் அந்த ஏணியைப் பிடித்தபடி, கேட்க வந்ததைக் கேட்காமல் நின்றிருந்தார்.

மறுநாள் காலை ஒட்டகச்சிவிங்கி பி பிளாக்குக்குப் பின்னால் நின்று முருங்கைக்கீரை தின்றுகொண்டிருந்தது.

பால்காரர்தான் முதலில் பார்த்தார். அது வழியை மறித்து நின்றதால் மணியடித்தார், அது ஒரு காலை நகர்த்தியது, அவர் போய்விட்டார். ஆறு மணிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் பார்த்தார்கள். "இது எங்கிட்டுக் கெடந்து வந்துச்சு?" என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், முந்தின நாள் சாயங்காலம் அதைப் போகச் சொல்ல விடவில்லை, ஆகவே அது போகவில்லை. "கீரைய பூராத் தின்னுருமே, ஞாயித்துக்கெழம சாம்பாருக்கு என்ன செய்ய?" என்றுதான் பிரம்மசக்தி சித்தி கேட்டாள். கேட்டுவிட்டு, தன் விளக்குமாறு ஈயோட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அதன் கழுத்தில் கை வைத்துத் தடவினால் உள்ளே ஏணிப்படிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுப்படும். வயிற்றோரம் ஜரிகை மின்னும். நான்கு குளம்பிலும் பெயர் இருந்தது, எங்கள் ஊரில் பெயர் வெட்டாத பாத்திரத்தை எந்த வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்? முன்னங்காலில் "செ. ஜமீலா", பின்னங்காலில் "கோமதி – சங்கரலிங்கம், புதுமனை புகுவிழா". ஈர மண்ணில் அது நடந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக விழும், அதைத் தாண்டித் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனுக்கு ஓடுவார்கள்.

முதல் வாரம் முழுக்கச் சண்டை. பி பிளாக்குக்குப் பின்னால் நிற்பதால் அது பி பிளாக்கினுடையது என்றார்கள் பி பிளாக்கில். காது இரண்டும் எங்கள் வீட்டுக் காது என்றார்கள் ஏ பிளாக்கில். சி பிளாக்கிலிருந்து ஒரு மத்து மட்டுமே போயிருந்ததால் அவர்கள் சுகாதாரம் பற்றிப் பேசினார்கள். சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, பைக் நிறுத்தும் இடத்தில் ஒட்டகச்சிவிங்கி நிற்கக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அது எப்படி உயிரோடு நிற்கிறது என்பது பற்றி அந்தத் தீர்மானத்தில் ஒரு வரி கிடையாது.

இரண்டாம் வாரத்தில் சண்டை ஓய்ந்து வேலைகள் தொடங்கின. மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டால் காக்கா வருவதில்லை, வந்தால் ஓரத்தில் ஒரு தலை எழும்பும். இரண்டாம் மாடி ஜமீலா அக்கா மீன் குழம்பு வைத்தால் ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி அதன் கொம்பில் மாட்டுவார், அது நாலு எட்டில் திரும்பி எங்கள் பால்கனியில் தலையை நீட்டும், அம்மா குழம்பை எடுத்துக்கொண்டு சட்டியில் அதிரசத்தைப் போட்டு அனுப்புவாள். படியேறி இறங்கி முழங்கால் தேய்ந்த பெண்கள் முப்பது வருஷமாகப் பேசாத அளவு பேசினார்கள். மாடசாமி அண்ணன் தெருவிளக்கு மாட்ட அதன் கழுத்திலேயே ஏறினார். "ஏணியா இருந்தப்ப கீழ ஒருத்தன் புடிக்கணும், அவன் போன வந்தா விட்டுட்டுப் போயிருவான். இது விடமாட்டேங்கு" என்றார். பேச்சு வராத அந்த உயிருக்குப் பசித்தால் அகப்பைக் காதுகள் இரண்டும் டொக் டொக்கென்று தட்டிக்கொள்ளும், உடனே மூன்று பிளாக்கிலும் எங்காவது ஒரு ஜன்னல் திறந்து பழத்தோல் நீளும்.

ஜன்னல் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். அது எல்லார் அடுப்படியையும் பார்த்தது. எந்த வீட்டில் அடுப்பு பற்றவில்லையோ அந்த ஜன்னலிலேயே நின்றது, யாராவது வந்து என்னவென்று கேட்கும்வரை நகராது. இதனால் சிலருக்கு வெட்கமாக இருந்தது. சிலருக்கு மூன்று வேளை சாப்பாடு கிடைத்தது.

அப்பாவுக்கும் அதற்கும் என்ன உறவு என்பதை நான் ஒரு நாள் பார்த்தேன். காலை ஆறரைக்கு அவர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், வாய்விட்டு; கம்பிக்கு மேலே அந்தத் தலை. ஒரு முறுக்கை ஒடித்து நீட்டி, "மெதுவா தின்னு, விக்கும்" என்கிறார். நான் இருமினேன். அவர் உடனே பேப்பரை மடக்கி, "சனியன், எந்நேரமும் இங்கனயே வந்து நிக்கு" என்றார்.

எல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை நன்றாகத்தான் போயிற்று. பீரோவை நகர்த்தியபோது அப்பா பொன்னாடையைத் தேடினார். அம்மா உண்மையைச் சொன்னாள். அவர் பால்கனிக்குப் போய் ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றோரத்து ஜரிகையை ரொம்ப நேரம் பார்த்தார். கலெக்டர் கையால் வாங்கியது முருங்கை மரத்தடியில் சாணி போட்டுக்கொண்டிருந்தது. "என் சால்வையைக் கொடு" என்று கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, பெண்டாட்டி கேட்காமல் கொடுத்தாள் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுமே. ஆகவே அதை எல்லார் பொருளுமாக்கி, கவர்ந்தவர் என்ற வார்த்தையைப் போட்டு, நோட்டீஸ் அடித்தார். பிள்ளைகள் யாரும் அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போகக்கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரிக்கு ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் நான்கு பேர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலென்றால் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அந்த அக்கா.

நான் பதில் எழுதினேன். முதல் பதில் மூன்று பக்கம். சங்க விதி, வாடகைச் சட்டம், அவதூறு, எல்லாம் இருந்தது. நாடகத்தை நிறுத்தியது யார், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் முறையைத் தடுத்தது யார் என்று எண் போட்டுக் கேட்டிருந்தேன். அக்கா நிதானமாகப் படித்தார்.

"நல்லா இருக்கு வடிவு. இதுல நான் எங்கன இருக்கேன்?"

"என்னக்கா, எல்லாமே உங்களப் பத்தித்தானே?"

"ம். இது உனக்கும் உங்கப்பாவுக்கும் உள்ள சண்டைலா?" என்று சொல்லி, அந்தத் தாளை மடித்து ஒரு தொப்பி செய்து என் தலையில் வைத்தார். இரண்டாம் பதில் படகாயிற்று. மூன்றாம் பதிலை நான் கொடுக்கவில்லை.

பதினான்காம் நாள் அவரே படியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார், வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, வீட்டக் காலி பண்ணுதேன். அதுக்கு முந்தி என்னைய அந்த நாடகத்த முடிக்க விடுங்க. பொருள் எல்லாம் அவங்கவங்க கைக்கு வந்துரும்."

"எல்லாம் வந்துருமா?"

"கேப்பேன். என்னோடதுன்னு சொன்னா வந்துரும்."

அப்பா என்னைப் பார்க்காமல் தலையாட்டினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கீழே சி பிளாக் யாழிசை, ஆறு வயது, சிவிங்கியின் முன்னங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளுக்கு இந்தச் செய்திகள் எப்படித்தான் போகுமோ. "நீங்க கேக்காதீங்க அத்தை. கேட்டா இது ஏணியாயிரும்" என்று அழுதாள். எனக்கும் அதே வாதம்தான், கொஞ்சம் நீளமாக. எதற்கு அவர்களுக்கு இறங்கிப் போக வேண்டும்? வழக்கு போடலாம், பத்திரிகைக்குச் சொல்லலாம், கேட்காமல் இருப்பதே ஒரு எதிர்ப்பு. அக்கா பிள்ளையின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தார்.

"கேக்காம போனா நான் திருடி, வடிவு. இந்தப் புள்ளைக்கு நான் திருடின்னு சொல்லிக் குடுத்துருவாங்க. கேட்டா இது போயிரும். ரெண்டுல ஒண்ணு. ஆனா கேக்கது என் வேல. இங்க ஆறு வருசமா கேட்டுட்டு இருக்கேன். பதில் சொல்லுதது அவ்வோ வேல. அத நான் எடுத்துச் செய்யக் கூடாதுல்லா?"



ஞாயிறு நாலு மணிக்குத் தொட்டியின் நிழலில் மூன்று பிளாக்கும் உட்கார்ந்திருந்தது, உள்ளூரில் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். வெறும் மேடை. அக்கா கை தட்டினார். சிவிங்கி பி பிளாக்குக்குப் பின்னாலிருந்து டம்ளர்க் குளம்புகள் கிணிங்கிணிங்கென்று சிமெண்டில் மோத வந்து, அன்றைக்கு எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில், அதே கோணத்தில் தலையைத் திருப்பி நின்றது. அக்கா நிறுத்தப்பட்ட வாக்கியத்தை எடுத்தார், நடுவில் இரண்டரை மாதம் போகாதது போல.

"அப்பதான் அது கேட்டுச்சு. 'என் வீடு எது?'ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான் பிள்ளைகளா, நாடகம் முடிஞ்சுது."

யாரும் கை தட்டவில்லை. அக்கா வாலைத் தொட்டார்.

"இது யாரோடது?"

பிரம்மசக்தி சித்தி எழுந்தாள். "என்னோடது. பொங்கலுக்கு வீடு கூட்ட இல்லாம பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அவள் கையில் விளக்குமாறு இருந்தது. சாதாரண விளக்குமாறு, கட்டு தளர்ந்தது. சிவிங்கி திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தது. பிள்ளைகளில் ஒன்று ஓவென்று அழ, தொற்றிக்கொண்டது. அப்போதுதான் பெரியவர்கள் பலருக்கு என்ன நடக்கிறது என்பதே உறைத்தது.

அக்கா காதுகளைத் தொட்டார். "இது யாரோடது?"

ஜமீலா அக்கா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "எங்க வீட்டுல இப்ப குக்கர்தான். அகப்பைய வச்சு என்ன கிண்ட? அது காதுல்லா. அதோடதுதான்."

"இது யாரோடது?" கழுத்து.

"நான் வேற ஏணி வாங்கியாச்சு" என்றார் மாடசாமி அண்ணன். வாங்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். "அதோடது."

டம்ளர்கள், மத்துகள், கொடிக்கம்புகள். சிலர் சட்டென்று சொன்னார்கள். சிலர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். சி பிளாக்கில் ஒருவர், ஒரு மத்துக்காக இத்தனை பேச்சா என்று அலுத்துக்கொண்டே சொன்னார். வாலில்லாத இடத்தில் ஈ மொய்த்தது. பிரம்மசக்தி சித்தி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு, "எம்மா, ஒரு ஈய ஓட்டத் துப்பில்ல இத்தன பேருக்கு" என்று திட்டிக்கொண்டே மேடையேறி, சிவிங்கியின் பின்னால் நின்று விளக்குமாற்றால் விசிறத் தொடங்கினாள். இதென்ன என்று கேட்டவர்களிடமெல்லாம் "எனக்கென்ன" என்றாள்.

தோல் மட்டும் மிச்சம். அக்கா அதன் வயிற்றோரத்து ஜரிகையில் விரல் வைத்து, அப்பாவைப் பார்த்துக் கேட்கவில்லை, எப்போதும்போல எல்லாரையும் பார்த்துத்தான் கேட்டார்.

"இது யாரோடது?"

முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா, மடியில் சங்கத்தின் ஃபைல், ஃபைலுக்குள் வீட்டைக் காலி செய்யும் கடிதம், அக்கா கையெழுத்துப் போடப் பேனாவோடு. அம்மா அவருக்குப் பக்கத்தில் நேராகப் பார்த்தபடி இருந்தாள். அது எங்கள் வீட்டிலிருந்து போனது என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அவர் எழுந்து என்னோடது என்று சொன்னால் அது சால்வையாகி அவர் கைக்கு வரும். மேடையில் ஒரு ஏணியும் நாலு கம்பும் நிற்கும். நான் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

சிவிங்கி கழுத்தை இறக்கியது. பால்கனிக் கம்பிக்கு மேலே நீட்டுவது போலவே, அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டி நின்றது. முறுக்கு நேரம் என்று நினைத்ததோ என்னவோ, காதுகள் டொக் டொக்கென்றன.

"இது யாரோடது, அண்ணாச்சி?"

அப்பா ஃபைலைக் கீழே வைத்தார். எழுந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, அதில் ஒன்றுமில்லை என்று கண்டு வெறுங்கையை வெளியே எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல், அந்தப் புள்ளிகளின் மேல் ஒரு தரம் தடவினார்.

"அது அதோட தோலுல்லா, தாயி."